துடைப்பம் ஏந்திய துறவி

தாழ்மை என்னும் சொல்லைப் போல் நம் மக்கள்மீது தவறாக ஏவப்பட்ட சொல் பிறிதொன்று இல்லை எனலாம். தெருவில் ஒதுங்கி நடப்பது தாழ்மை என்றனர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கொள்வது தாழ்மை என்றனர். கொடுத்த கூலியைக் கணக்குப் பாராமல் வாங்கிச் செல்வது தாழ்மை என்றனர். கிறித்தவ நெறியைத் தழுவிய நம் முன்னோரிடமும், ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து வாய் திறவாதிருப்பதே கிறித்துவின் தாழ்மை எனப் போதித்தோர் உண்டு. ஆகவே, கிறித்தவ வாழ்வில் தாழ்மையும் தன்னலமற்ற அன்பும் என்னும் பொருள் பற்றி இவ்வெள்ளிவிழா மலரில் எழுதப் புகும் நமக்கு ஒரு கடமை உண்டு. தாழ்மை எது, தாழ்த்தப்படுதல் எது என்பதை முதலில் பிரித்துக் காட்ட வேண்டும்.

இதனைக் கருத்துரைகளால் விளக்குவதினும் ஒரு வாழ்க்கையால் விளக்குவது எளிது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1579 முதல் 1639 வரை வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ் அவர்களின் வாழ்க்கை அதற்கு மிகவும் ஏற்றது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண்ணொருத்தியின் மகன் அவர்; நாவிதர்; மருத்துவர்; மடத்து வேலையாள்; பின்னர்த் துறவி. தமிழகத்துக் கத்தோலிக்க ஆலயங்கள் சிலவற்றிலும் அவர் திருவுருவத்தைக் காணலாம். கறுத்த முகம், வெண்ணிற உள்ளங்கி, கருநிற மேலங்கி, கையில் ஒரு துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உண்ணும் நாயும் பூனையும் எலியும். ஸ்பானிய மொழி பேசும் மக்கள் அவரைத் துடைப்பச் சகோதரர் என்றே அன்புடன் அழைப்பர்.

அந்தத் துடைப்பம் நம்மைத் தயங்க வைக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் திணிக்கப்பட்ட கைகளுக்கு உரியவர் நாம். துடைப்பம் ஏந்திய ஒருவரைப் புனிதர் என்று நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு காட்டுவது? உனக்கு விதிக்கப்பட்டதை முகம் சுளிக்காமல் செய் என்ற பழைய பாடத்தையே மீண்டும் புகட்டுவதாகாதா? இக்கேள்வியை மனத்திற் கொண்டே அவர் வாழ்க்கையைக் காண்போம்.

லீமா நகரம்

பெரு நாடு முன்னர் இன்கா மன்னர்களால் ஆளப்பட்டது. 1532இல் ஸ்பானியப் படைத்தலைவன் பிரான்சிஸ்கோ பிசாரோ இன்கா மன்னனைச் சிறைப்பிடித்தான். 1535இல் கடலை அடுத்து லீமா நகரை நிறுவினான். ஆண்டிஸ் மலைச் சுரங்கங்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட வெள்ளி இந்நகரின் வழியே ஸ்பெயினுக்குச் சென்றது. சுரங்கங்களில் பழங்குடி மக்கள் கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்டனர். ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்ட மக்கள் கார்த்தகேனா, பனாமா ஆகிய துறைகளின் வழியாக லீமாவுக்குக் கொணரப்பட்டுச் சந்தையில் விற்கப்பட்டனர். 1614ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி லீமாவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்க வழியினர். ஆளும் ஸ்பானியரைவிட அவர்களே எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர்.

அந்நகரில் மனிதனின் மதிப்பு அவன் பிறப்பைக் கொண்டே அளக்கப்பட்டது. வெள்ளையர், பழங்குடியினர், கறுப்பினத்தவர், இவர்கள் கலந்து பிறந்தோர் என ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எல்லை. இப்பிரிவுகளை அவர்கள் 'காஸ்தா' என்று வழங்கினர். நம் நாட்டுச் சாதியைக் குறிக்கப் போர்த்துக்கீசியர் வழங்கிய சொல்லும் இதுவே. ஆங்கிலத்தில் சாதிக்கு உரிய சொல் அதிலிருந்தே வந்தது. கடல்கள் பல கடந்தும் நாம் அறியாத ஊர் அன்று அது.

1579 டிசம்பர் 9ஆம் நாள், லீமாவின் புனித செபஸ்தியார் ஆலயத்தில் ஓர் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தாய் அன்னா வெலாஸ்கெஸ், பனாமாவிலிருந்து வந்தவர், விடுதலை பெற்ற அடிமை. தந்தை ஹுவான் தெ போரஸ் என்னும் ஸ்பானியப் பிரபு. ஆனால் ஆலயப் பதிவேட்டில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. தந்தை அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டது. குழந்தை தாயின் நிறத்தைக் கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1586இல், அதே ஆலயத்தின் திருமுழுக்குத் தொட்டியில் வெள்ளையர் குடும்பத்துப் பெண் குழந்தையொன்றும் திருமுழுக்குப் பெற்றது. அவரே லீமா நகரப் புனித ரோஸ். நம் ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு லீமா ரோஸ் என்று பெயரிடும் வழக்கம் அவரால் வந்தது. ஒரே நீரில் திருமுழுக்குப் பெற்ற இருவருள் ஒருவர்க்குத் திறந்திருந்த வாயில்கள் மற்றவர்க்கு அடைபட்டிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

கைத்தொழில்

மார்ட்டினுக்கு ஹுவானா என்னும் தங்கை பிறந்தாள். தாய் வறுமையில் இரு குழந்தைகளையும் வளர்த்தார். சில ஆண்டுகள் கழித்துத் தந்தை மனம் மாறி இருவரையும் தம் மக்களென ஏற்றுக்கொண்டு, இன்று ஈக்வடார் நாட்டிலுள்ள குவயாகில் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்குச் சிறிது காலம் மார்ட்டின் எழுதப் படிக்கக் கற்றார். தந்தைக்குப் பனாமாவில் அரசுப் பதவி கிடைத்ததும் மகன் மீண்டும் லீமாவில் தாயிடம் விடப்பட்டார்.

ஏறத்தாழ 12 வயதில் மார்ட்டின் ஒரு நாவித மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். அந்நாளில் முடி திருத்துபவரே புண்ணுக்குக் கட்டுப்போடுவார், குருதி வடிப்பார், பல் பிடுங்குவார், எலும்பைச் சேர்த்துக் கட்டுவார், மூலிகை அரைத்துக் கொடுப்பார். இது நமக்குப் புதிதன்று. நம் ஊர்களிலும் முடி திருத்தும் குடியினரே மருத்துவர் எனப்பட்டனர். அக்குடிப் பெண்களே மருத்துவச்சியாக நின்று பிள்ளைப்பேறு பார்த்தனர். உயிரைக் காத்த அக்கைகளை ஊர் தாழ்வாக நடத்திற்று. லீமாவிலும் அறிவு இருந்தது. அதற்குரிய மதிப்பு மட்டும் பிறப்பைப் பார்த்தே வழங்கப்பட்டது.

மார்ட்டின் அத்தொழிலைக் கருத்தூன்றிக் கற்றார். ஸ்பானிய மருத்துவத்தோடு நாட்டு மூலிகைகளின் பயனையும் அறிந்தார். இதை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அவர் செய்த தொண்டு வெறும் இரக்கத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. கற்ற கல்வியும் பழகிய கையும் இல்லாவிடில் அவருடைய அன்பு நோயாளியின் அருகில் அமர்ந்து கண்ணீர் விடுவதோடு நின்றிருக்கும். அன்புக்குக் கை வேண்டும். அக்கைக்குத் தொழிலறிவு வேண்டும்.

மடத்து வாயில்

1594இல், 15 வயதில், மார்ட்டின் லீமாவிலிருந்த சாமிநாதர் சபையினரின் செபமாலை அன்னை மடத்தின் வாயிலை அடைந்தார். தொமினிக்கன் சபை என இன்று வழங்கப்படுவதும் இதுவே. அம்மடம் புகழ் வாய்ந்தது. அமெரிக்கக் கண்டத்தின் பழம்பெரும் பல்கலைக்கழகமாகிய சான் மார்க்கோஸ் 1551இல் இம்மடத்துக்குள்தான் தொடங்கப்பட்டது. கல்வி பிறந்த அவ்விடத்தில் மார்ட்டினுக்குக் கிடைத்த இடம் யாது? பெரு நாட்டில் நடப்பிலிருந்த விதிப்படி ஆப்பிரிக்கரும் பழங்குடியினரும் அவர்தம் வழிவந்தோரும் துறவற சபைகளில் முழு உறுப்பினராதல் இயலாது. வேலையாளாக இருந்து, சபையின் உடையை அணிந்து, மடத்தில் தங்கிக்கொள்ளலாம், அவ்வளவே. அந்தக் கடைநிலையில்தான் மார்ட்டின் சேர்ந்தார். தரை கூட்டினார், மணி அடித்தார், துணி துவைத்தார், துறவியர்க்கு முடி திருத்தினார், கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தார்.

இங்கே நாம் சற்று நிற்போம். மார்ட்டினுக்குக் கையில் தொழில் இருந்தது. நகரில் கடை வைத்து, பொருளீட்டி, மதிப்போடு வாழ அவரால் முடிந்திருக்கும். மடத்துக்குள் புகுமாறு எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகவும் அவர் அங்குச் செல்லவில்லை. தம் மகன் வேலையாளாக இருப்பது தமக்கு இழுக்கு எனத் தந்தை கருதி, உயர்ந்த நிலையில் அவரைச் சேர்க்குமாறு மடத்தாரிடம் கேட்டார் என்றும், மார்ட்டின் அதற்கு இசையவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆகவே துடைப்பம் அவரே விரும்பி எடுத்துக்கொண்டது என்பது ஓர் உண்மை.

மற்றோர் உண்மையும் உண்டு. அவர் எடுத்துக்கொண்டிராவிடினும் அந்த விதி அவருக்குத் துடைப்பத்தைத் தவிர வேறெதையும் கொடுத்திராது. மார்ட்டினின் தாழ்மையைப் புகழ்வோர் இவ்விரண்டாம் உண்மையைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுவர். தாழ்மை அவருடையது, அநீதி சபையினுடையது. ஒன்றைப் போற்றும்போது மற்றொன்றை மறைத்தல் கூடாது.

ஒன்பது ஆண்டுகள் அவர் இந்நிலையில் இருந்தார். அவருடைய நடத்தையைக் கண்ட மடத்து அதிபர் தம் பொறுப்பில் விதியைத் தளர்த்தி, 1603இல் அவர் துறவற வார்த்தைப்பாடு அளிக்க இடங்கொடுத்தார். குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. இறுதிவரை சகோதரர் மார்ட்டினாகவே வாழ்ந்தார்.

நோயகம்

மடத்து நோயகம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன்பின் சாகும் நாள்வரை அதுவே அவருடைய உலகம். பகலில் நோயாளிகளுக்கு மருந்து, இரவில் விழித்திருந்து பணிவிடை, இடையில் செபம். கொள்ளைநோய் பரவியபோது மடத்தில் பலர் ஒரே சமயத்தில் படுத்துவிட, பூட்டிய கதவுகளுக்கு அப்பாலும் அவர் நோயாளியின் அருகே தோன்றினார் என்று மக்கள் வியந்து பேசினர். ஒரே நேரத்தில் ஈரிடத்தில் காணப்பட்டார் என்பது போன்ற அற்புதங்கள் பலவும் அவரைப் பற்றி வழங்குகின்றன. அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. அற்புதம் எதுவும் தேவைப்படாத செயல்களே அவர் பெருமைக்குப் போதுமானவை.

மடத்துத் துறவியருள் சிலர் அவரைப் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசினர். நாயோடு ஒப்பிட்டும் ஏசினர். நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த துறவியே, தமக்கு மருந்திடும் கையை அவ்வாறு ஏசியதுண்டு. மார்ட்டின் மறுமொழி கூறாமல் மருந்தைத் தொடர்ந்து இட்டார். இந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டும்போது நாம் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஏச்சைக் கேட்டுக்கொண்டு வாளாவிருப்பதே கிறித்தவ அறம் என்று இதிலிருந்து விதி வகுப்பது பெருந்தவறு. ஏசியவர் செய்தது பாவம். அப்பாவத்தை மார்ட்டினின் பொறுமை அறமாக்கிவிடவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட இழிவை அவர் தமக்குக் கீழுள்ள எவர்மீதும் இறக்கி வைக்கவில்லை என்பதே நாம் காண வேண்டியது. மேலிருந்து வாங்கிய அடியைக் கீழுள்ளவனுக்குக் கொடுத்து ஆறுதல் அடைவது சாதி முறையின் இயல்பு. அவ்வழக்கம் அவரளவில் முற்றுப்பெற்றது.

கீழ்ப்படிதலும் அன்பும்

மார்ட்டினின் வாழ்வில் மிகவும் எண்ணத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. தெருவில் நோயுற்றுக் கிடந்தோரை அவர் மடத்துக்குள் கொணர்ந்து தம் அறையிலேயே கிடத்தி மருத்துவம் செய்து வந்தார். மடத்தில் நோய் பரவும் என அஞ்சிய தலைவர் இனி அவ்வாறு செய்யலாகாது எனக் கட்டளையிட்டார். மார்ட்டின் பணிந்தார். நகரில் தம் தங்கை ஹுவானாவின் வீட்டில் நோயாளிகளை வைத்துப் பார்த்து வந்தார். ஒருநாள் மடத்துக்கு அருகில் பழங்குடி மனிதர் ஒருவர் கத்திக்குத்துப்பட்டுக் குருதி பெருகக் கிடந்தார். தங்கையின் வீட்டுக்குத் தூக்கிச் செல்லும்வரை உயிர் தாங்காது என்பதை மருத்துவராகிய மார்ட்டின் அறிந்தார். கட்டளையை மீறி அவரைத் தம் அறைக்கே கொண்டு சென்று குருதியை நிறுத்திக் காத்தார்.

தலைவர் சினந்து கண்டித்தார். மார்ட்டின் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். கீழ்ப்படிதல் என்னும் கட்டளை அன்பு என்னும் கட்டளைக்கும் மேற்பட்டது என்பதைத் தாம் அறியாதிருந்ததாகவும், தமக்கு அதைக் கற்பித்தருள வேண்டும் என்றும் பணிவோடு விண்ணப்பித்தார். தலைவர் வாயடைத்துப் போனார். அதன்பின் இரக்கச் செயல்களில் மார்ட்டின் தம் விருப்பப்படி நடக்கலாம் என இசைவளித்தார்.

இதுவே கிறித்தவத் தாழ்மை. இது முதுகெலும்பு இல்லாத பணிவன்று. தம்மை ஏசியபோது வாய் திறவாத மனிதர், மற்றொருவர் உயிர் போகும் நிலையில் தலைவரின் கட்டளையையே மீறினார். மீறியபின் அதற்குரிய பொறுப்பையும் ஏற்றார். அவர் மொழியில் பணிவு இருந்தது. அப்பணிவுக்குள் மறுக்க முடியாத நியாயமும் இருந்தது. தன்பொருட்டுப் பொறுத்துக்கொள்பவனுக்குப் பிறர்பொருட்டுப் பொறுத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்பதை மார்ட்டின் அறிந்திருந்தார். நம்மிடம் தாழ்மையைப் போதித்தோர் பெரும்பாலும் இப்பாதியை விட்டுவிட்டே போதித்தனர்.

மற்றொரு நிகழ்ச்சியும் பலரும் அறிந்தது. ஒருமுறை மடம் கடனில் ஆழ்ந்தது. மடத்துப் பொருள்களை விற்க அதிபர் புறப்பட்டபோது, மார்ட்டின் பின்னே ஓடி, தம்மை அடிமையாக விற்றுக் கடனை அடைக்குமாறு வேண்டினார் என்பர். அதிபர் மனமுருகி அவரைத் திருப்பி அனுப்பினார். தன்னலமற்ற அன்புக்கு இதைச் சான்றாகக் காட்டுவர், சான்றுதான். ஆயினும் நம் காதுகளுக்கு இது வேறொன்றையும் சொல்கிறது. தம் தாய் விலைக்கு விற்கப்பட்ட பொருளாக இருந்தவர் என்பதை மார்ட்டின் மறந்தவரல்லர். தம்மைப் போன்றோர் சந்தையில் விலைபோகும் ஊர் அது என்பதை அறிந்தே அவ்வாறு கேட்டார். அந்நாளில் துறவற மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன. அவருடைய விண்ணப்பத்தைக் கேட்டு உருகிய உள்ளம், மடத்து வயலில் உழைத்த மற்ற அடிமைகளை எண்ணியும் உருகியிருக்க வேண்டும் அல்லவா?

அடிமை முறையை ஒழிக்க மார்ட்டின் இயக்கம் நடத்தினார் என்று கூறி அவரை இல்லாத மேடையில் ஏற்ற நாம் விரும்பவில்லை. பெரு நாட்டில் அடிமை முறை ஒழிந்தது அவர் இறந்து 215 ஆண்டுகள் கழித்து, 1854இல்தான். அவர் செய்தது இது: அடிமையின் புண்ணையும் ஆளுநரின் புண்ணையும் ஒரே கையால், ஒரே மருந்தால் கட்டினார். பிறப்பால் மனிதனை அளந்த நகரில் அச்செயலே ஒரு மறுப்பாக நின்றது.

பசித்தோரும் பிள்ளைகளும்

மடத்து வாயிலில் நாள்தோறும் ஏழைகள் கூடினர். மார்ட்டின் நகரின் செல்வர் வீடுகளுக்குச் சென்று இரந்து பெற்ற பொருளால் அவர்களுக்கு உணவளித்தார். நாள் ஒன்றுக்கு 160 பேர்வரை அவர் கையால் உண்டனர் என்று எழுதியுள்ளனர். சீதனம் இன்மையால் மணமாகாதிருந்த ஏழைப் பெண்களுக்குப் பொருள் திரட்டித் தந்தார். சிறையிலிருந்தோரைச் சென்று கண்டார். அதே சபையைச் சேர்ந்த மற்றொரு மடத்தில் வாயிற்காவலராக இருந்த புனித ஹுவான் மசியாஸ் அவருக்கு உற்ற நண்பர். ஒருவர் நோயகத்திலும் மற்றொருவர் வாயிலிலுமாக, இருவரும் லீமாவின் ஏழைகளுக்கு உறவாயினர்.

மடத்துக்குச் சொந்தமான லிமதாம்போ பண்ணையில் உழைத்த கறுப்பின மக்களையும் பழங்குடி மக்களையும் அவர் நாடிச் சென்று மருத்துவம் செய்தார். அங்கு மரக்கன்றுகள் நட்டார், மூலிகைகள் பயிரிட்டார். வழிப்போக்கரான ஏழைகளும் பறித்து உண்ணட்டும் என்பதே கனிமரங்களை நடுவதில் அவர் கருத்து என்பர்.

தெருவில் திரிந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் அமைய அவர் உழைத்தார் என்பதும் அவர் வரலாற்றில் இடம்பெறுகிறது. கல்விப் பணிக்கென எழுந்த நம் சங்கத்தார் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் துடைப்பம் ஏந்தியவர், அப்பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, இதுவே உங்கள் பங்கு எனச் சொல்லவில்லை. அவர்கள் உண்டு, உடுத்து, பேணி வளர்க்கப்பட வேண்டும் என விரும்பினார். தமக்கென்று எடுத்துக்கொண்ட தாழ்நிலையை அவர் வேறு எவருக்கும் விதியாக்கவில்லை. உண்மையான தாழ்மைக்கு உரைகல் இதுவே. தன்னைத் தாழ்த்துவது தாழ்மை. பிறரைத் தாழ்ந்திருக்கச் சொல்வது ஆதிக்கம். அது எத்தனை இனிய மொழியில் வந்தாலும் ஆதிக்கமே.

அவருடைய இரக்கம் மனிதரோடு நிற்கவில்லை. நோயகத்துத் துணிகளை எலிகள் கடித்தபோது, அவற்றை நஞ்சிட்டுக் கொல்லாமல், தோட்டத்தில் உணவு வைப்பதாகக் கூறி வெளியே அழைத்துச் சென்றார் என்ற கதை பெரு நாட்டில் சிறுவரும் அறிந்தது. அடிபட்ட நாய்களும் பூனைகளும் தங்கையின் வீட்டில் இடம் பெற்றன. ஒரே தட்டில் நாயும் பூனையும் எலியும் உண்ட காட்சி கதையாகவே இருக்கட்டும். ஒரே பந்தியில் அமர மறுக்கும் மனிதர்க்கு அப்படம் இன்றும் ஒரு பாடம்.

இறுதி நாள்கள்

மெக்சிக்கோ நகரின் பேராயராக நியமனம் பெற்ற பெலிசியானோ தெ வேகா என்பவர் லீமாவில் கடும் நோயுற்றார். மார்ட்டின் வரவழைக்கப்பட்டார். அவர் கை பட்டதும் நோய் தணிந்தது என்பர். நலம் பெற்ற பேராயர் அவரைத் தம்முடன் மெக்சிக்கோவுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். பேராயரின் நோயைத் தீர்த்த அன்றே மார்ட்டின் மடத்துக்குத் திரும்பிக் கழிப்பிடத்தைத் தூய்மை செய்துகொண்டிருந்தார் என்றும், பேராயர் மாளிகையில் இருப்பது இதைவிட மேலல்லவா எனக் கேட்ட துறவியிடம், தாம் இவ்விடத்தையே விரும்புவதாகக் கூறினார் என்றும் எழுதியுள்ளனர். மாளிகை அழைத்தும் செல்லாதவரின் கழிப்பிடப் பணி வேறு; மாளிகை வாயிலை எட்டிப் பார்க்கவும் விடாமல் தள்ளப்பட்டவரின் கழிப்பிடப் பணி வேறு. முன்னது தொண்டு, பின்னது கொடுமை. நம் நாட்டில் மலம் அள்ளும் கொடுமையைத் தடை செய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரும் சாக்கடைக் குழிகளில் இறங்கி நம் மக்கள் உயிரிழக்கும் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அச்சாவுகளைத் தொண்டு எனப் போற்றுவோர் உளராயின், அவர்கள் மார்ட்டினின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்.

மெக்சிக்கோ பயணம் நிகழவில்லை. 1639ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட்டின் காய்ச்சலில் விழுந்தார். ஸ்பானிய மன்னரின் ஆளுநரான சிஞ்சோன் பிரபு நேரில் வந்து, படுக்கையருகே மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டார் என்பர். நவம்பர் 3ஆம் நாள், 60 வயது நிறைவதற்கு ஒரு திங்கள் இருக்க, உடன்பிறப்புகளான துறவியர் செபித்துக்கொண்டிருக்கையில் அவர் உயிர் நீத்தார். நகரமே திரண்டது. அவர் அங்கியின் ஒரு துணுக்கையேனும் பெறுவதற்காக மக்கள் அதை வெட்டி எடுத்தனர். தந்தை அறியப்படாதவர் என ஏட்டில் எழுதப்பட்டவரின் உடலை, நகரின் முதன்மையான பெரியோர் தோளில் சுமந்து சென்றனர்.

1660இல் அவர் வாழ்க்கை பற்றிய விசாரணை லீமாவில் நடைபெற்றது. அவரை நேரில் அறிந்த பலர் சான்று கூறினர். 1837இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1962 மே 6ஆம் நாள் பாப்பரசர் இருபத்து மூன்றாம் யோவான் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவரோடு அதே தொட்டியில் திருமுழுக்குப் பெற்ற ரோஸ் இறந்தது 1617இல், புனிதரானது 1671இல். அவருக்கு ஆனவை 54 ஆண்டுகள். மார்ட்டினுக்கு ஆனவை 323 ஆண்டுகள். லீமாவின் ஏழைகள் அவர் இறந்த நாளிலேயே அவரைப் புனிதர் என அறிந்திருந்தனர் என்பதை மட்டும் இங்குக் குறித்து அமைவோம்.

நாம் கொள்ள வேண்டுவன

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம். துடைப்பம் ஏந்திய மார்ட்டினை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்; முழுமையாகக் காட்ட வேண்டும். ஒரு கையில் துடைப்பம் இருந்தால், மறு கையில் அவர் கற்ற மருத்துவம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவரைக் கடைநிலையில் நிறுத்திய விதி கிறித்துவின் விதியன்று, மனிதர் வகுத்தது என்பதைச் சொல்ல வேண்டும். உயிரைக் காக்க அவர் கட்டளையை மீறியதையும் சொல்ல வேண்டும்.

கிறித்து தம் சீடரின் காலடிகளைக் கழுவினார் என்பது நாமறிந்தது. கழுவியவர் குருவும் ஆண்டவருமானவர். அதனாலன்றோ அது தாழ்மையாயிற்று? வீட்டு அடிமை அதனைச் செய்திருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அச்செயல் மேலிருப்போர்க்கு இறங்கி வரக் கற்பித்தது. கீழிருப்போரை அங்கேயே இருத்தி வைப்பதற்கு ஆதாரமாகாது. ஆலய இருக்கையிலும் கல்லறையிலும் சாதி பார்த்த திருச்சபையினர் தாழ்மை பற்றிய போதனையைத் தம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. அதையும் மறையாமல் கூறுவோம். நம் இளைஞர் பலர் இன்று பட்டம் பெறுகின்றனர், பதவி பெறுகின்றனர், மருத்துவராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் உயர்கின்றனர். அது நாம் கண்ட கனவு. அதனை எண்ணிப் பெருமை கொள்கிறோம். அவர்கள் எவர்முன்னும் தலை குனிய வேண்டுவதில்லை. ஆயின், நிமிர்ந்த தலை பிறந்த தெருவைப் பாராமல் செல்லுமானால் நம் உழைப்பு பாதியில் நின்றதாகும். இப்போது அவர்கள் கையில் இருப்பது திணிக்கப்பட்ட துடைப்பமன்று. தாமே ஈட்டிய கல்வி. மார்ட்டினுக்கு இருந்ததுபோல் அவர்களுக்கும் இப்போது தெரிவு செய்யும் உரிமை உண்டு. அக்கல்வியோடு சேரிக்குத் திரும்பி வந்து, மாலை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதும், அரசு மருத்துவமனை வாயிலில் செய்வதறியாது நிற்கும் முதியவருக்கு வழி காட்டுவதும், ஒருவர்க்காக ஒரு விண்ணப்பம் எழுதித் தருவதும் இன்று நம்மிடையே நிகழ வேண்டிய தாழ்மை. நிமிர்ந்தவனே குனிந்து மற்றவனைத் தூக்க முடியும்.

இன்கா நிலத்தில் வாழ்ந்து மறைந்த அப்பெரியாரின் நினைவு நாள் ஆண்டுதோறும் நவம்பர் 3. அந்நாளில் நம் பள்ளிகளில் அவர் வரலாறு சொல்லப்படுமாக. சொல்லும் ஆசிரியர் அவர் கைத் துடைப்பத்தைச் சுட்டும்போது, அக்கையே ஒரு மனிதரின் குருதியை நிறுத்திற்று என்பதையும் சேர்த்துச் சொல்வாராக.